பரணில் கிடந்த பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: எடைக்குப் போடும் முன் எங்கே பார்க்கணும், எதைத் தொடக் கூடாது?

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான். வெள்ளை அடிக்கணும்னு வீட்டுப் பரணைக் காலி பண்றீங்க. அவனியாபுரம் மாதிரி தை முதல் நாளே ஜல்லிக்கட்டு நடக்கிற ஊரில், அந்த வாரம் யாருக்கும் நின்று பேசக்கூட நேரம் இருக்காது. பழைய தலையணை, ஓடாத டேபிள் ஃபேன், ஒடிந்த ரேடியோ... இவற்றுக்கு நடுவில், வேட்டியில் சுற்றி வைத்த ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். கம்பியெல்லாம் துரு. ஒரு டியூனிங் கீ இல்லை. பட்டன்களில் ஒன்று ரேடியோவிலிருந்து கழற்றி மாட்டியது மாதிரி இருக்கு. தாத்தாவோ சித்தப்பாவோ ஒரு காலத்தில் கச்சேரியில் வாசித்தது. வாசலில் பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியோடு நிற்கிறார்.

கொஞ்சம் பொறுங்க. இப்படிப் பரணில் கிடந்த ஒன்றுதான் 2024 பிப்ரவரியில் உலகம் முழுக்கச் செய்தியானது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் கிட்டார் அது. 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருஷம் கழித்து, இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. அது அவருடையதுதான் என்று சொல்ல உதவியவற்றில் ஒன்று, பின்னாளில் அதில் செய்த வேலை. 1964 வாக்கில் அதற்குப் புது வர்ணம் அடித்து, இரண்டு பிக்கப்புகளையும் ஒரே மரச் சட்டத்துக்குள் பொருத்தியிருந்தார்கள். கம்பெனியில் இருந்து வந்தபோது அது அப்படி இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிட்டாரில் 'ஒரிஜினல் இல்லையே' என்று நாம் முதலில் பிடுங்கி எறிகிற பொருள்தான், அது யாருடையது, எங்கே வாசித்தது என்பதற்குச் சாட்சியாக இருக்கலாம்.

அப்போ நம்ம வீட்டு கிட்டாருக்கும் கோடிக்கணக்கில் விலையா?

இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் கிடைக்கும் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்புகளாகவோ, வெளிநாட்டிலிருந்து வந்த மலிவு விலை மாடல்களாகவோதான் இருக்கும். ஆனால் அதுவா இதுவா என்று தெரியாமலே எடைக்குப் போடுவதும், தெரியாமலே புது வர்ணம் அடிப்பதும்தான் நஷ்டம்.

காரணம், அன்றைக்கு இங்கே இது சுலபமாகக் கிடைத்த பொருள் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். 1991-ல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகும், நுகர்பொருட்களுக்கான அளவுக் கட்டுப்பாடுகள் முழுசாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதுவரை வெளிநாட்டு கிட்டார் என்றால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போய் வந்தவர் கையில் கொண்டு வந்தால் உண்டு. மற்றவர்களுக்கு உள்ளூர்த் தயாரிப்பு.

ஆனாலும் மேடை இருந்தது. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், சர்ச் பாடகர் குழு என்று மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களுக்குக் குறைவே இல்லை. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசனின் குழு ஊர் ஊராகப் பாடிய காலத்தில் அவர்களின் பண்ணைப்புரம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி மாவட்டம் பிரிந்தது 1990களில். இளையராஜாவே இசையமைப்பாளர் ஆகும் முன், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்துக்கொண்டு, சலீல் சௌத்ரி போன்றவர்களுக்கு கிட்டார் வாசித்தவர். அந்தத் தலைமுறையின் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான கலைஞர்களின் கைப்பொருள்தான் இன்று பரணில் இருப்பது. அவர்கள் வாசித்ததில் பெரும்பகுதி பதிவானதே இல்லை. மிச்சம் இருப்பது கருவி மட்டும்.

தலையில் இருக்கும் பெயரை நம்பலாமா?

அதுதான் எல்லாரும் முதலில் பார்ப்பது. அதுதான் ரொம்பக் குறைவாகச் சொல்வதும்கூட.

ஒரு எழுத்தைக் கவனியுங்கள். 'கிப்சன்' அமெரிக்க நிறுவனம். 'கிவ்சன்' கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திய பிராண்ட். அதேபோல 'ஹோஃப்னர்' ஜெர்மனி, 'ஹோப்னர்' இந்தியா. மங்கிப்போன எழுத்தில் இதைப் பார்த்துவிட்டு 'தாத்தா அமெரிக்க கிட்டார் வைத்திருந்தார்' என்று குடும்பமே முப்பது வருஷம் நம்பியிருக்கலாம். இன்னொரு பக்கம், ஜப்பானின் டெய்ஸ்கோ போன்ற நிறுவனங்கள் ஒரே கிட்டாரை வேறு வேறு கடைகளின் பெயரில் விற்றன. அமெரிக்காவில் அதே மாடலில் 'சில்வர்டோன்' என்று போட்டிருக்கும். பெயரே இல்லாமலும் வரும். ஆகவே பெயர் ஒரு துப்பு. அவ்வளவுதான்.

சீரியல் நம்பர் இருந்தால் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம். ஜப்பானின் ஐபனேஸ் கிட்டார்களில் 1970களின் நடுவிலிருந்து ஒரு ஆங்கில எழுத்தும் பின்னால் எண்களும் வரும். எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருஷம். 'எச்' என்ற எழுத்தும் 78-ம் இருந்தால் 1978 ஆகஸ்ட். 1977-க்குப் பிந்தைய கிப்சனில் எட்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருஷம், நடுவில் உள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 81403 என்று தொடங்கினால், 1983-ன் 140-வது நாள். அதாவது மே 20.

உண்மையான தேதி உள்ளே இருக்கிறது

கிட்டாரின் வயதைச் சொல்லும் இடம் வெளியே இல்லை. மேல் தகட்டைத் திறந்தால் தெரியும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில்தான் இருக்கிறது. ரேடியோ ரிப்பேர் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் நன்றாகத் தெரியும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அதன் மேல் ஆறு அல்லது ஏழு இலக்கம் குத்தியிருக்கும். முதல் மூன்று, தயாரித்த நிறுவனம்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்தது வருஷம். கடைசி இரண்டும் வாரம். 1377633 என்று இருந்தால், சி.டி.எஸ். நிறுவனம் 1976-ன் 33-வது வாரத்தில் செய்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த கன்ட்ரோல் பிறந்த தேதிதான் அது, கிட்டார் பிறந்த தேதி இல்லை. வால்யூம் கன்ட்ரோல் 1976 என்றால், கிட்டாரை அதற்கு முன் செய்திருக்க முடியாது. ஆனால் அதுவும் சால்டரிங் கலையாமல், முதலில் வைத்தது வைத்தபடி இருந்தால் மட்டும்தான். ஈயம் பளபளவென்று ஒரு பக்கமும் மங்கலாக ஒரு பக்கமும் இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் பாருங்கள். திருகாணியால் இணைத்த கழுத்தைக் கழற்றினால், அடியில் பென்சிலால் எழுதிய தேதியோ ரப்பர் ஸ்டாம்போ இருக்கலாம். ஃபெண்டர் கிட்டார்களில் இது பிரபலம். மரம் கட்டை மரமா, ஒட்டுப் பலகையா என்பதும் அந்தக் குழியில்தான் பளிச்சென்று தெரியும். ஒட்டுப் பலகை என்றால் அடுக்கடுக்காகக் கோடு ஓடும்.

கடைசியாக ஒரு டேப். மேல் முனையில் கம்பி உட்காரும் 'நட்'டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஃபெண்டர் வகை என்றால் 648 மில்லிமீட்டர் அருகில் வரும். கிப்சன் வகை 628 அருகில். பிரிட்ஜ் வாங்கும்போதும் கழுத்து வாங்கும்போதும் இந்த எண் இல்லாமல் கடையில் பேசவே முடியாது.

கம்பி ஒரு விரல் உயரத்தில் நிற்குதே, கெட்டுப்போச்சா?

அவசரப்பட வேண்டாம். கழுத்து வளைந்திருந்தால் கம்பி நடுவில் உயரும். ஆனால் முதல் ஃப்ரெட்டிலேயே கம்பி மேலே தூக்கி நிற்கிறது என்றால், அது ஹவாயன் கிட்டாராக வாசிக்கப்பட்டிருக்கலாம். மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கும் முறை. இந்தியாவில் 1950, 60களில் இது பெரிய மோகம். வான் ஷிப்லி எலெக்ட்ரிக் ஹவாயன் கிட்டாரில் வாசித்த சினிமாப் பாட்டு இசைத்தட்டுகள் நாடு முழுக்க ஓடின. அதற்காக நட் மேல் ஒரு உயரத் துண்டு மாட்டியிருப்பார்கள். அதைப் 'பழுது' என்று கழற்றி எறிந்துவிட்டால், கிட்டாரின் கதையில் பாதி போய்விடும்.

இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய சாட்சி மாண்டலின் ஸ்ரீனிவாஸ். நான்கு ஜோடிக் கம்பி கொண்ட மேல்நாட்டு மாண்டலினை, ஐந்து ஒற்றைக் கம்பியும் எலெக்ட்ரிக் பிக்கப்பும் கொண்டதாக மாற்றித்தான் அவர் கர்நாடக இசையைக் கொண்டுவந்தார். கமகத்துக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது. அப்படி மாற்றிய ஒரு கருவியை எடுத்து, 'கம்பெனி டிசைன்படி எட்டுக் கம்பி ஆக்கிக் கொடுக்கிறேன்' என்று ஒருவர் கிளம்பினால் எப்படி இருக்கும்?

பாகம் கிடைக்கலைன்னா?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சோர்ந்துபோய் விடுகிறார்கள். டெய்ஸ்கோ 1946-ல் தொடங்கி 1967-ல் கவாய் நிறுவனத்தின் கைக்குப் போனது. இந்தியாவின் சின்னப் பட்டறைகள் பலவற்றுக்கு சுவடே இல்லை. உதிரி பாகம் யாரும் செய்வதில்லை.

ஆன்லைனில் பழைய பாகங்களைக் கழற்றி விற்கிறார்கள். ரிவெர்ப், இபே போன்ற தளங்களில் தேடலாம். சில பாகங்களுக்கு யானை விலை. அமெரிக்கக் கலைஞர் ரை கூடர் தன் கிட்டாரில் டெய்ஸ்கோவின் தங்கத்தாள் போட்ட பிக்கப்பைப் பொருத்தி வாசித்த பிறகு, மலிவு கிட்டாரின் அந்த பிக்கப்புக்கே தனி மவுசு வந்துவிட்டது. அதனால் முழு கிட்டாரை வாங்கி பிக்கப்பை மட்டும் பிடுங்கி விற்பவர்களும் உண்டு. உங்கள் கிட்டாரில் பிக்கப் இருந்த இடம் வெறும் குழியாக இருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

வாங்கும் முன் ஒரு விஷயம். ஜப்பான் பாகம் மில்லிமீட்டர் கணக்கு. அமெரிக்கப் பாகம் அங்குலக் கணக்கு. வால்யூம் கன்ட்ரோலின் தண்டு ஒன்றில் 6 மில்லிமீட்டர், இன்னொன்றில் 6.35. பல்லும் வேறு: ஒன்றில் 18, மற்றதில் 24. மாற்றி வாங்கிய பட்டனை அழுத்தித் திணித்தால் தண்டு பிளக்கும். டியூனிங் கீயிலும் இதே கதை. பழைய கிட்டாரின் துளை சின்னது. புது கீ நுழையவில்லை என்று டிரில்லிங் மெஷினை எடுத்தால், அப்புறம் பழைய கீ கிடைத்தாலும் மாட்ட முடியாது. துளையைப் பெரிதாக்காதீர்கள். நுழைகிற கீயைத் தேடுங்கள். இல்லை என்றால் அதே மாதிரி உடைந்த கிட்டார் ஒன்றிலிருந்து பல் சக்கரத்தை மட்டும் எடுத்துப் போடலாம்.

பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்ன உலோகத் துண்டு தொலைந்திருந்தால் கவலையே வேண்டாம். மிச்சம் இருக்கும் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். பட்டன், பிக்கப் மூடி போன்ற பிளாஸ்டிக் சாமான்களுக்கு 3டி பிரின்டிங் கைகொடுக்கிறது.

பிக்கப் செத்துப்போனால் மோட்டார் கடைக்குப் போகலாமா?

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பிக்கப்பின் இரண்டு ஒயரிலும் தொடுங்கள். ஒற்றைக் காயில் பிக்கப் என்றால் 5 முதல் 7 கிலோ ஓம்ஸ், இரட்டைக் காயில் என்றால் 7 முதல் 9 வரை காட்டுவது சகஜம். எண்ணே வராமல் நின்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. உடனே புதிதாகக் கட்ட வேண்டும் என்பதில்லை. காயிலின் நுனியும் வெளி ஒயரும் சேரும் சால்டரிங் முனையில்தான் பல நேரம் அறுந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அந்த ஒரு முனையைச் சேர்த்தாலே உயிர் வந்துவிடும்.

உள்ளே அறுந்திருந்தால்தான் ரீவைண்டிங். மதுரைப் பக்கம் பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இது வேறு வேலை. பிக்கப்பில் பொதுவாகப் போடுவது 42 கேஜ் செம்புக் கம்பி, தடிமன் 0.063 மில்லிமீட்டர். தலைமுடி மாதிரி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை பிக்கப்பில் சுமார் 8,000 சுற்று. கொஞ்சம் இழுத்தால் அறும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கட்டிப் பழகியவர் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: காந்தமும் கம்பி சுற்றும் கட்டையும் அப்படியே திரும்பி வரணும். பழைய காந்தத்தை மாற்றிவிட்டால் அது வேறு பிக்கப்.

எதைச் செய்யவே கூடாது?

வர்ணம் அடிக்காதீர்கள். உப்புத்தாள் போடாதீர்கள். மதிப்புள்ள கிட்டாரில் முதல் வர்ணம் போனால் விலை பாதியாகிவிடும் என்பது வியாபாரிகள் கணக்கு. மதிப்பில்லாததிலும் போன வர்ணம் திரும்பாது. அந்தக் காலத்து செல்லுலோஸ் வர்ணத்தில் தின்னர் பட்டால் கரைந்தே போகும். லேசாக ஈரம் பிழிந்த பருத்தித் துணி, பொறுமை, அது போதும்.

கரகர என்று சத்தம் வரும் வால்யூம் கன்ட்ரோலுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ துரு எடுக்கும் எண்ணெயோ விடாதீர்கள். கழுத்தை நிமிர்த்தும் உள்கம்பியைத் திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு ஒரு நாள் காத்திருப்பு. பல மலிவு கிட்டார்களில் திருப்புகிற கம்பியே கிடையாது, வெறும் இரும்புப் பட்டைதான் புதைத்திருப்பார்கள். அதைத் தேடி மரத்தைக் குடையாதீர்கள். கரையான் தடம் தெரிந்தால் மற்ற வேலைக்கு முன் அதைக் கவனியுங்கள்.

தேய்ந்த ஃப்ரெட்டை மாற்றுவதில் மட்டும் நான் பிடிவாதக்காரன் இல்லை. நம் வீணைக்கு மெழுகு மேளம் இளகினால் திரும்பக் கட்டத்தான் செய்கிறோம். அதனால் வீணை பழசு இல்லை என்று யாரும் சொல்வதில்லையே. வாசிக்கத் தேயும் பாகம் மாறத்தான் வேண்டும். கழற்றிய பழையதை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டியிலேயே வையுங்கள். கைவைக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். திருகாணிகளை அட்டையில் கிட்டார் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தால் கலக்காது. விரிசல் விட்ட பழைய செல்லுலாய்டு தகட்டைத் தனியாகப் பேப்பரில் சுற்றி வையுங்கள். அது மக்கும்போது வரும் வாயு பக்கத்து உலோகத்தை அரிக்கும்.

வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் மரத்தையும் பார்க்கணும். பிரேசில் ஈட்டி மரத்துக்கு 1992 முதல் சர்வதேச அளவில் கடுமையான தடை. பழைய கிட்டாரின் விரல் பலகை அதுவாக இருந்தால் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. நம்ம ஊர் ஈட்டிக்கும் 2017-ல் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது.

ஆம்ப்ளிஃபையரில் சொருகும் முன்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரைச்சல் குறைய அப்படி ஒரு ஏற்பாடு. ஆம்ப்ளிஃபையரிலோ மேடை ஒயரிங்கிலோ எர்த் சரியில்லை என்றால், 230 வோல்ட் அந்தக் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரலாம். கையில் கிட்டார், உதட்டில் மைக். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. ஸ்டோன் தி க்ரோஸ் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் மேடையிலேயே மைக்கைத் தொட்டு இறந்தது இப்படித்தான்.

கிட்டாரோடு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரும் கிடைத்திருந்தால் அதை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். திறந்து பார்க்கிற வேலை வால்வு ரேடியோ தெரிந்த பெரியவருடையது, நம்முடையது இல்லை. இரண்டு முனை பிளக் இருந்தால் மூன்று முனையாக மாற்றி எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனில்தான் முதல் சோதனை.

மேடையில் என்றால், வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் தொடுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணும் வரை யாரும் மைக் பக்கம் போகக் கூடாது.

எல்லாம் சரி என்றால் மெல்லிசான கம்பி செட், 9 கேஜில் தொடங்குவது, வாங்கி மாட்டுங்கள். முப்பது வருஷம் தளர்ந்து கிடந்த கழுத்து அது. ஒரே நாளில் முழு சுருதிக்கு ஏற்றாமல், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.